தாய்வீட்டுப் பக்கம்

அந்த வருஷம் எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி எட்டு ஆட்டம் ஆடி எட்டிலும் தோற்றிருந்தது. ஒன்பதாவது, கடைசி ஆட்டம், எங்கள் மைதானத்திலேயே. அதற்கு மூன்று நாள் முன்பு ஒரு சாயங்காலம், கிரவுண்டுக்காரர் கோல் வலையைத் தோளில் சுமந்துகொண்டு என் ஸ்டோர் ரூமுக்குள் வந்து மேஜைமேல் போட்டார். டீ டம்ளர் வலைக்குள் மாட்டிக்கொண்டது.

"தம்பி, நீங்க குடுத்த வலை பெருசு."

"புது வலைண்ணே. ரெண்டும் ஒரே கட்டுல வந்தது. நான் பிரிச்சுகூடப் பாக்கல."

"அப்ப கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான். அந்தப் பக்கம் மாட்டினது அளவெடுத்துத் தச்ச மாதிரி நிக்குது. நம்ம வீட்டுப் பக்கம் மாட்டினா தரையில புரளுது. இந்தா, இவ்வளவு." நான்கு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

"பழைய வலை?"

"அதுவும் புரளும். மடிச்சு ஆணி அடிச்சிருவேன். பழசு, இழுத்துப்போச்சுன்னு நெனச்சுக்குவேன். இது புதுசாச்சே, ஏன் புரளணும்?"

நான் விளையாட்டுப் பிரிவின் ஸ்டோர் கிளார்க். பந்து, பம்பு, ஊசி, வலை, சுண்ணாம்பு மூட்டை எல்லாம் என் கையெழுத்தில்தான் வெளியே போகும். பந்தை உதைத்துப் பழக்கமில்லை, எண்ணித்தான் பழக்கம். கொடுத்த பொருளில் குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "சரி, ரெண்டையும் மாத்தி மாட்டிப் பாருங்க. அப்பவும் இதுதான் புரண்டா நான் திருப்பி அனுப்பறேன்" என்றேன்.

கிரவுண்டுக்காரர் இருபத்திரண்டு வருஷமாக அந்த மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவர். விடிந்ததும் புல் வெட்டுவார். வெயில் ஏறுமுன் ரோலர் இழுப்பார். ஆட்டத்துக்கு முந்தின நாள் இரண்டு முளை அடித்துக் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தண்ணீரைக் குவளையால் ஊற்றிக்கொண்டே பின்பக்கமாக நடப்பார். கோடு மயிரிழை கோணினாலும் மண்வெட்டியால் சுரண்டிவிட்டு முதலிலிருந்து போடுவார். "மேட்ச் எப்படி வேணா போகட்டும். கோடு நேரா இருக்கணும்" என்பார். எட்டு ஆட்டமாக எங்களிடம் நேராக இருந்தது அந்த ஒன்றுதான்.

ஒரு கோலுக்குப் பின்னால் இருபதடி தள்ளி அவர் குவார்ட்டர்ஸ். இரண்டு அறை, ஒரு சமையலறை, வாசலில் தண்ணீர்த் தொட்டி. அடுத்த வீடு என்னுடையது. அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். அணியின் சட்டைகளைத் துவைப்பது அண்ணிதான். கோல் வலைக்குப் பின்னால் எப்போதும் அவளுடைய துணிக்கொடி ஆடிக்கொண்டிருக்கும். கோல் காப்பவன் அவர்கள் மகன், ஒரே பிள்ளை, இரண்டாம் வருஷ மாணவன். அவன் மார்க்குக்கு எங்கள் கல்லூரி வாசல் திறந்திருக்காது. கைக்குத்தான் திறந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுத்த அன்று இதே கோலில் நிறுத்தி முப்பது பந்து அடித்தார்கள். இரண்டைத்தான் விட்டான். போன வருஷம் முழுக்கப் பயிற்சியில் மட்டும் நின்றான். பையன்கள் அவனுக்குச் 'செவுரு' என்று பேர் வைத்தார்கள். சீனியர் படித்து முடித்துப் போனதும் இந்த வருஷம் ஆட்டத்துக்கு இறங்கினான். மூன்றாவது தோல்வியிலேயே பேர் 'கதவு' என்று மாறிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சொந்த மைதானத்தில் ஆடும்போது வீட்டுப் பக்கக் கோலில் நின்றால் அவனைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம். பக்கம் மாறி எதிர்க் கோலுக்குப் போனால் தலைக்கு மேலே வரும் பந்தைக் கையைக்கூடத் தூக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பான். அது உள்ளே போய் உட்காரும். வெளி மைதானம் என்றால் இரண்டு பக்கமும் அதே கதைதான். பையன்கள் விடுவார்களா? வீட்டுப் பக்கத்துக்குத் 'தாய்வீடு', எதிர்ப்பக்கத்துக்கு 'மாமியார் வீடு' என்று பட்டம் கட்டினார்கள். டாஸ் போடும்போதே "டேய், தாய்வீடு கேளுடா" என்று கேலரியிலிருந்து கத்துவார்கள். கோச்சை நாங்கள் மாஸ்டர் என்போம். அவரே ஒரு கட்டத்தில் இதை நம்ப ஆரம்பித்துவிட்டார்.

அண்ணிக்கு வேறு கணக்கு. ஐந்தாவது தோல்விக்கு அப்புறம் ஒருநாள் மகனுடைய சட்டையைத் தண்ணீரில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்டா, இதுல துவைக்க என்ன இருக்கு?"

"ஏம்மா?"

"அழுக்கே இல்ல. இங்க ஆடினா மண்ணைப் பூசிக்கிட்டு வர்ற. வெளியூர் போனா மாப்பிள்ளை மாதிரி போய்ட்டு மாப்பிள்ளை மாதிரி வர்ற. நீ விழவே இல்லையா?"

"மேல போற பந்துக்கு எதுக்கும்மா விழணும்?"

"மேல போச்சுன்னா எப்படிடா நாலு கோலு?"

"எனக்குத் தெரியலம்மா. மேலதான் போகுது. நான் பாக்கறேன், மேலதான் போகுது. திரும்பிப் பாத்தா உள்ள கெடக்குது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனான். அப்புறம் அவன் யாரிடமும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாவது ஆட்டம் முடிந்த மறுநாள் தன் மாமாவுக்கு அவனே போன் செய்தான். அண்ணியின் அண்ணன் ஒரு குடோனில் சரக்கு ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னாராம். கடைசி ஆட்டம் சனிக்கிழமை.

"காலேஜு?" என்று அண்ணி கேட்டதற்கு, "கைக்காகத்தானே சேத்தாங்க? கை இல்லன்னு ஆயிடுச்சு. நான் எதுக்கு?" என்றானாம். கிரவுண்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று அண்ணி என்னிடம் சொன்னாள்.

நான் சொன்னபடி கிரவுண்டுக்காரர் வலைகளை மாற்றி மாட்டினார். நானும் கூட இருந்து ஏணியைப் பிடித்தேன். வீட்டுப் பக்கத்தில் புரண்ட வலை எதிர்ப்பக்கத்தில் கச்சிதமாக நின்றது. எதிர்ப்பக்கத்தில் கச்சிதமாக நின்ற வலை வீட்டுப் பக்கத்தில் புரண்டது. கிரவுண்டுக்காரர் தரையில் கிடந்த வலையைப் பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கிக் குறுக்குக் கம்பத்தைப் பார்த்தார். நான் பாக்கெட்டிலிருந்து அளவு டேப்பை எடுத்தேன். ஏணியில் ஏறி மேல்முனையை அவர் பிடித்துக்கொள்ள, நான் கீழே குனிந்து படித்தேன்.

"எவ்வளவு?"

"நீங்களே பாருங்கண்ணே."

எட்டடி இருக்க வேண்டிய இடத்தில் ஏழே முக்கால் அடி இருந்தது. எதிர்ப்பக்கம் போய் அளந்தோம். எட்டடி, நூல் பிசகவில்லை.

அவர் ஏணிமேலேயே உட்கார்ந்துவிட்டார். கம்பம் இறங்கவில்லை, கம்பத்தின் காலில் கான்கிரீட். தரைதான் ஏறியிருந்தது. மகன் எட்டாவது படிக்கும்போது அந்தக் கோலில் பாய்ந்து விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. அன்றைக்கு வண்டி பிடிக்க நேரமில்லாமல் அவனை ரோலர் தள்ளும் கையால் தூக்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அந்த வருஷம் மழை விட்டதும் தோட்டத்திலிருந்து நல்ல பொலபொலப்பான மண்ணாகப் பார்த்து ஐந்தாறு கூடை கொண்டுவந்து கோல் வாயில் கொட்டி மெத்தினார். அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் ஐந்தாறு கூடை. எதிர்ப்பக்கத்தில் குழியை நிரவுவதோடு சரி. அந்தப் பக்கம் சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கும் என்று மகன் பயிற்சிக்கு அங்கே போனதே இல்லை. ஆட்டத்துக்கு வரும் நடுவர்கள் வலையை ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். கம்பத்தை அளந்தவர் எவருமில்லை.

"அவன் பதிமூணு வயசுலேர்ந்து இதுக்குக் கீழதான் நிக்கறான்" என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மறுநாள் காலை மாஸ்டரிடம் சொன்னோம். ஸ்டோர் ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு. மாஸ்டர் முதலில் சிரித்தார், அப்புறம் டேப்பை எடுத்துக்கொண்டு தானே போய் அளந்துவிட்டு வந்தார். திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை.

"வாங்கின இருபத்தாறு கோலும் இதனாலதான்னு சொல்றீங்களா?"

"இல்ல மாஸ்டர், ஏழெட்டு இருக்கும்" என்றேன். மீதி கோல்களுக்கு எங்கள் தடுப்பாட்டக்காரர்களின் புண்ணியம் போதும்.

"ஏழெட்டு போதுமே ஒரு பையனை உடைக்க" என்றார் மாஸ்டர். கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டினார். "சரி, இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. சனிக்கிழமை அவனை உக்கார வைக்கலாம்னு இருந்தேன். வேணாம், அவனே நிக்கட்டும். ரெண்டாவது பாதிக்குத் தாய்வீட்டுப் பக்கம் வர்ற மாதிரி பாத்துக்கலாம். ஒரு டிராவாவது கெடைக்கும். மேட்ச் முடிஞ்சதும் சத்தமில்லாம தோண்டிருங்க."

"தெரிஞ்சே விடறதா?" என்றார் கிரவுண்டுக்காரர்.

"ஆறு வருஷமா தெரியாம விட்டீங்க. மூணு நாள் தெரிஞ்சு விட்டா என்ன?"

அவர் எழுந்து போனார். அன்று சாயங்காலம் சாப்பிடுகிற வேளைக்கு என்னையும் கூப்பிட்டார். "நீங்க கூட இருங்க தம்பி. நான் மட்டும் சொன்னா அவனைத் தேத்தறதுக்குக் கதை விடறேன்னு நெனப்பான்."

சோறும் உருளைக்கிழங்கும். அண்ணி என் தட்டில் ஒரு முட்டை கூடுதலாக வைத்தாள். மகன் சுவரோரமாக உட்கார்ந்து தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு விஷயம்டா" என்றார் அப்பா.

"சொல்லு."

"அந்த கோலு கம்மி."

"எந்த கோலு?"

"நம்ம பக்கத்துது. ஏழே முக்கா அடிதான் இருக்கு. நான் போட்ட மண்ணு மேடாயிடுச்சு. தம்பி டேப்பு வச்சுப் பாத்தாரு."

அவன் என்னைப் பார்த்தான். தலையை ஆட்டினேன். பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி அப்படியே இருந்தான்.

"எப்பலேர்ந்து?"

"உனக்குத் தோள் இறங்கிச்சே, அப்பலேர்ந்து. மழைக்கு மழை அஞ்சாறு கூடை. நீ விழுந்தா வலிக்கக் கூடாதுன்னு..."

"அப்ப நான் மேல போகுதுன்னு விட்டதெல்லாம்?"

"இங்க மேல. மத்த எடத்துல உள்ள."

"அப்ப என் கண்ணு சரிதானா?"

"சரிதான்டா."

"கை?"

"கையும் சரிதான்."

அவன் மறுபடி என்னைப் பார்த்து, "கையும் சரிதானா மாமா?" என்றான். "சரிதான்டா" என்றேன். அதை எத்தனை பேர் சொன்னாலும் அவனுக்குப் போதாது என்று தெரிந்தது.

அண்ணிக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. "கயிறு கட்டிக் கட்டிக் கோடு போடற மனுஷன்! கீழயே பாத்துக்கிட்டு இருந்தியே, தலைக்கு மேல ஒரு தடவ நிமிந்து பாத்தியா? அவனவன் எம்புள்ளைய கதவுன்னான், ஜன்னல்ன்னான்..." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கிரவுண்டுக்காரர் அத்தனையையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்குத் தோண்டிரலாம்னு இருக்கேன்" என்றார்.

மகன் வெடுக்கென்று நிமிர்ந்தான். "தோண்டாத. சனிக்கிழமை முடியட்டும். எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு பக்கந்தான்பா."

"பொய்யா நிக்குதுடா அது. தெரிஞ்சுக்கிட்டே அதுக்குக் கீழ நான் எப்படிக் கோடு போடறது?"

"உனக்குக் கோடு முக்கியம்."

"உனக்காகப் போட்ட மண்ணுடா அது."

"நான் கேட்டனா?"

நான் கை கழுவிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். புல்லைப் பத்தை பத்தையாக வெட்டி ஓரத்தில் அடுக்கியிருந்தார். மண்ணைச் சுரண்டிக் கூடையில் அள்ளித் தோட்டத்துக்கே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தார். பலகையும் ரசமட்டமும் வைத்துப் பார்ப்பார், சுரண்டுவார், மறுபடி பார்ப்பார். நான் டேப்பைப் பிடித்தேன். எட்டு மணிக்கு எட்டடி வந்தது. புல் பத்தைகளைத் திரும்பப் பதித்துத் தண்ணீர் தெளிக்கக் குடத்தை எடுத்தார். தெளிக்க வேண்டிய தேவையே இல்லாமல் மழை பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் வரை விடவில்லை. அன்று பயிற்சி ரத்து. தோண்டின இடத்தில் தண்ணீர் கட்டி நின்றது. அவரும் நானும் வாளியால் மொண்டு ஊற்றி, ஆற்று மணல் தூவி, சாக்கைப் போட்டு ஒற்றி எடுத்தோம். மகன் ஜன்னலில் நின்று பார்த்தான். வெளியே வரவில்லை. மாஸ்டர் குடையோடு வந்தார். கோலைப் பார்த்தார், கிரவுண்டுக்காரரைப் பார்த்தார். "உங்களத் திருத்த முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை வெயில் அடித்தது. முதல் பாதி எங்களுக்கு எதிர்ப்பக்கம். மகன், பந்து மூச்சு விட்டால்கூட எகிறினான். கம்பத்துக்கு ஒரு முழம் மேலே போன பந்துக்கும் பாய்ந்து விழுந்தான். கேலரி சிரித்தது. ஆனால் கம்பத்துக்குக் கீழே செருகப் பார்த்த இரண்டு பந்தை விரல் நுனியால் மேலே தள்ளிவிட்டான். மூன்றாவதை மார்போடு அணைத்துக்கொண்டான். அந்த வருஷத்தில் முதல்முறையாக ஒரு பாதி முழுக்க மாமியார் வீட்டில் கோல் வாங்காமல் வந்தான். கேலரியில் சிரிப்பு நின்று கைதட்டல் கேட்டது.

இரண்டாம் பாதி வீட்டுப் பக்கம். அண்ணி கொடியில் துணி போடாமல் வாசலில் நின்றாள். கிரவுண்டுக்காரர் மூலைக் கொடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அவன் அந்தக் கோலுக்குள் வந்து நின்றதும் தோள் இரண்டும் தளர்ந்ததை நான் பார்த்தேன். வீடு வந்து சேர்ந்தவன் செருப்பைக் கழற்றுவது போலிருந்தது. நாங்களும் கோல் போடவில்லை, அவர்களும் போடவில்லை. முடிய பத்து நிமிஷம் இருந்தது. டிரா என்று நாங்கள் வாய்விட்டே சொல்ல ஆரம்பித்துவிட்டோம்.

அப்போது வலது ஓரத்திலிருந்து எதிர் அணிக்காரன் ஒருவன் தூக்கி அடித்தான். பந்து சுழன்று மேலே வந்தது. மகன் இரண்டடி பின்னால் வைத்தான், நிமிர்ந்து பார்த்தான். தூக்கிய கையைக் கீழே இறக்கினான். அத்தனை வருஷமாக அந்த இடத்தில் எப்படி இறக்குவானோ அப்படியே இறக்கினான். பந்து கம்பத்தை உரசிக்கொண்டு அதற்குக் கீழே, முந்தின நாள் காலை அவன் அப்பா திறந்துவிட்ட அந்த நான்கு விரற்கடை வழியாக உள்ளே போனது.

"தாய்வீட்டுலயும் கதவு தொறந்துடுச்சுடா!" என்று கேலரியில் ஒருவன் கத்தினான். அவனைத் தேடிப் போய் அடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

ஒன்றுக்குச் சைபர். ஒன்பதாவது தோல்வி. எதிர் அணி பஸ் ஏறிப் போனது. மாஸ்டர் அவன் முதுகில் தட்டி, "முதல் பாதி நல்லா நின்னடா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். நான் கொடிகளைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். கிரவுண்டுக்காரர் மண்வெட்டியோடு கோல் வாய்க்குப் போனார். அங்கே பூட்ஸ் காலால் கிளறிய குழிகள் இருந்தன. ஒரு கை மண்ணை அள்ளினார். அதைப் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மகன் ஒரு பந்தோடு வந்தான்.

"அந்த மண்ணைக் கீழ போடு."

போட்டார்.

"கோலுக்குள்ள போய் நில்லு."

"நானா?"

"ஆறு வருஷமா மண்ணு போட்டியே, ஒரு தடவ அதுல நின்னு பாத்தியா? நில்லு."

அவர் மண்வெட்டியை வைத்துவிட்டுப் போய் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இடுப்பில் வைத்தார், அப்புறம் இறக்கினார். நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தார். அவ்வளவு பெரிய கோலில் மனுஷன் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தார்.

மகன் பெனால்டிப் புள்ளிக்கும் தள்ளிப் பந்தை வைத்தான். நிதானமாக அடித்தான். வேகமில்லை. பந்து உயர எழும்பி, அவர் தலைக்கு மேலே வந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார், கையைத் தூக்கவில்லை. பந்து கம்பத்துக்குக் கீழே நுழைந்து வலையில் விழுந்தது.

அவர் திரும்பி வலையைப் பார்த்தார், அப்புறம் மகனைப் பார்த்தார்.

"மேல போகுதுன்னு நெனச்சேன்டா" என்றார்.

"நானும் அப்படித்தான்பா நெனச்சேன்."

பிறகு மகன் நடந்து வந்து அவரைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டுத் தான் நின்றான். "இப்ப நீ அடி" என்றான். அவர் வெறுங்காலால் அடித்தார். பந்து எழும்பவே இல்லை, தரையோடு உருண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனது. "கையால தூக்கிப் போடுப்பா, கிட்ட வந்து" என்றான். கையால் போட்டார். "உள்ள" என்று சொல்லி எம்பித் தட்டினான். மறுபடி போட்டார். "மேல" என்று விட்டான். அது உள்ளே விழுந்தது. "சரி, இன்னொண்ணு" என்றான்.

வீட்டுக்குள் போன் அடித்தது. அண்ணி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மறுமுனையில் அவள் அண்ணன், திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வருகிறான் என்று கேட்டிருக்க வேண்டும். அவள் கோலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே அவர் போட, அவன் எம்ப, இரண்டு பேரும் உரக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவனைக் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இல்லண்ணே, அவன் வரமாட்டான்" என்றாள் போனில். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.